ஜெட்டியில் குடிக்காத தண்ணீர்

1974 ஜூலை 23

ஜெட்டிக்கு வந்து மூதூருக்குப் படகேறும் பெண்கள் எங்கள் தேத்தண்ணிக் கடையில் எதுவுமே குடிப்பதில்லை.

இன்றுதான் கவனித்தேன். ஆண்கள் குடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்கிறார்கள். பெண்கள் மட்டும் தண்ணீர்க் கிளாஸை வாங்கி வாயைக் கொப்பளித்து, கடல் பக்கம் உமிழ்ந்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். சீனி இல்லாத காலம், பனங்கட்டித் துண்டோடு குடிக்கும் தேத்தண்ணி பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் சும்மா கொடுக்கும் தண்ணீரையும் குடிப்பதில்லையே?

ஜூலை 25

அம்மாவிடம் கேட்டேன். "எங்கட கிளாஸ் அவையளுக்குப் பிடிக்காதாக்கும். நீ அடுப்பைப் பார்" என்றார்.

அது காரணமில்லை. அவர்களுடைய ஆண்கள் அதே கிளாஸில்தான் குடிக்கிறார்கள்.

ஜூலை 30

தோப்பூர் சுபைதா அக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, லோஞ்சுப் படகு வரும்வரை எங்கள் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். முகம் மஞ்சளாக இருந்தது. நீர்க்கடுப்பாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம் டொக்டர்.

நான் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தேன். அவர் சிரித்தார்.

"அந்த டொக்டர் என்னோட லோஞ்சில வாறவரா புள்ள?"

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் யாருமில்லையென்று பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு சொன்னார். "சுபஹுத் தொழுதுட்டு வீட்ட உட்டு வெளிக்கிட்டா, பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் திரும்பிப் போறது. பஸ்ஸிலயும் இல்ல, லோஞ்சிலயும் இல்ல, இஞ்சயும் இல்ல. ஆம்புளயளுக்குக் கடல் முழுக்கக் கிடக்கு. நாங்க எங்க போற?"

எங்கள் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். அவசரமென்றால் ஓடிப்போய் வந்துவிடுவேன். அப்பாவின் கால் துறைமுகத்தில் நசுங்கிய பிறகு பள்ளியை விட்டு இந்தக் கடைக்கு வந்தவள் நான். இத்தனை காலம் ஜெட்டியிலேயே இருந்தும் இது என் கண்ணில் படவில்லை. ஏன்?

ஆகஸ்ட் 3

பேராதனைக் கம்பஸ்ஸிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் வந்திருக்கிறார்கள். மாணவர் தோழமை நிதி என்று பெயர். தங்கள் உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்தும் நாடகம் போட்டும் காசு சேர்க்கிறார்களாம். ஆசிரியர்களோ அதிகாரிகளோ இல்லை, எல்லாம் அவர்களே. இந்தியாவிலும் இப்படி மாணவர்கள் செய்கிறார்களாம். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓர் ஊருக்குப் போய், அந்த ஊருக்கு என்ன செய்யலாமென்று இளம் ஆட்களைக் கேட்பார்கள். நல்லதைச் சொன்னவரைத் தோழராக எடுத்து, அந்த வேலையை அவர் பொறுப்பிலேயே செய்ய வைப்பார்கள்.

தலைவர் அல்பிரட் என்பவர். உயரம், ஓயாத கதை. ஒரேயொரு பெண், மூதூர் றஹ்மா. கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணி எடுத்தார்கள். றஹ்மா தன் கிளாஸை உதட்டில் வைத்துவிட்டு, பக்கத்துப் பையன் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஆகஸ்ட் 4

படிப்பை விட்டவர்களும் கேட்கலாமாம். எதைக் கேட்பது? அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 11

ஞாயிறு பூசை முடிந்து வேதக்கோயில் மண்டபத்தில் கூட்டம்.

ஒருவர் வாசிகசாலை கேட்டார். ஒருவர் பந்தும் வலையும் கேட்டார். "பெம்பிளைப் பிள்ளையள் ஒருத்தரும் கதைக்க மாட்டியளோ?" என்று அல்பிரட் கேட்டார். எல்லோரும் குனிந்துகொண்டோம். பிறகு எப்படியோ நான் எழும்பி நின்றிருந்தேன். யார் என்னை எழுப்பியது?

"ஜெட்டியில பெம்பிளையள் தண்ணி குடிக்கிறேல்லை."

அவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்லவில்லை. மண்டபம் முழுக்க ஆண்கள். குந்திவிட்டேன்.

அல்பிரட் கை தட்டினார். "பாத்தியளோ! கடலுக்குப் பக்கத்தில தாகத்தோட நிக்கினம். ஒருத்தருக்காவது இது தெரிஞ்சதோ?" எல்லோரும் தட்டினார்கள். ஜெட்டியில் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பைப், மேலே ஒரு கூரை. தோழர் நான்.

நான் பொய் சொன்னேனா? இல்லை. அவர்கள் பிழையாகக் கேட்டார்களா? அதுவும் இல்லை. அப்படியென்றால் எங்கே பிழைத்தது?

றஹ்மா தட்டவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 12

லோஞ்சுக்கு டிக்கட் வெட்டும் முஹம்மது தம்பி நானா காலையிலேயே தொடங்கிவிட்டார். "தண்ணி மகாராணி வாறா! பாதையை உடுங்க!"

அம்மா பக்கத்துக் கடைக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகிறது.

ஆகஸ்ட் 17

இன்னும் குழப்பம். தொட்டி வருகிற இடம் பண்டகசாலைச் சுவர் மூலை. ஜெட்டியில் நகரசபை தரச் சம்மதித்தது அந்த மூலை ஒன்றைத்தான். மூன்று பக்கமும் மறைப்பு. பெண்களுக்கு ஏதும் கட்டுவதென்றால் அங்கேதான் கட்டலாம். அங்கே தொட்டி கட்டிவிட்டால் பிறகு ஒன்றும் இல்லை. சுபைதா அக்கா பைப்பைப் பார்த்துக்கொண்டு தாகத்தோடு இருப்பார். அதில் என் பெயர் எழுதியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்கென்ன விசரோ? குமர்ப்பிள்ளை கக்கூஸ் கேட்டவள் எண்டு ஊர் சிரிக்கும். நாளைக்கு உன்னை ஆர் கேட்டு வருவினம்? தாறதை வாங்கிக்கொண்டு வாயை மூடு."

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதுதானே. தண்ணீர் நல்ல சாமான்தானே. தொட்டியால் யாருக்கும் கெடுதி இல்லையே. பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

ஆகஸ்ட் 18

கோயிலுக்குப் போனேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்லலாமா? சொன்னால், எதைப் பாவமென்று சொல்வது? சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

றஹ்மா இடம் பார்க்க வந்தார். மூதூரிலிருந்து முதல் லோஞ்ச், நல்ல வெயில். நான் தண்ணீர் நீட்டினேன்.

"வேணாம் தங்கச்சி."

நான் கிளாஸைத் திருப்பி எடுக்கவில்லை. என் வாயிலிருந்து அப்படி வருமென்று நானே நினைக்கவில்லை. "உங்களுக்கும் தெரியும்தானே அக்கா. ஏன் கூட்டத்தில சொல்லேல்லை?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அத்தனை பொடியன்மாருக்கு முன்னாலயா? நான் கம்பஸ்ஸில மைக் புடிச்சு விவாதம் பண்றவ. அந்த ஒரு சொல் மட்டும் வாயில வரல்ல. நீ எழும்பினதும், அல்லாஹ், இவ சொல்லப் போறாள் எண்டு பாத்துக்கிட்டே இருந்தன். நீ பாதியில குந்திட்டாய்!"

"நீங்க மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை. சிரித்து முடிந்த பிறகு அவர் சொன்னார்: அத்திவாரக் கல் வைக்கும்வரை தோழர் தன் வேலையை மாற்றலாமாம், அது அவர்களுடைய சட்டம். ஆனால் தோழர்தான் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொன்னால் செல்லாது.

எனக்கென்று பார்த்து எழுதி வைத்த சட்டமா?

ஆகஸ்ட் 31

நாளைக்குக் கல் வைக்கிறார்கள். சொல்வேனா, மாட்டேனா? அடுப்பை மூட்டும்போது மாட்டேன் என்கிறேன். தண்ணீர் கொதித்ததும் சொல்வேன் என்கிறேன்.

செப்டம்பர் 1

சொல்லிவிட்டேன்.

மூலையில் எல்லோரும் நின்றார்கள். அல்பிரட், மாணவர்கள், முஹம்மது தம்பி நானா, லோஞ்சுக்கு வந்த சனம். அம்மா புதுச் சேலையில். மேசன் யோசேப் அண்ணை கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தொட்டி எவ்வளவு நீளம் வரும்?" என்று கேட்டார்.

"தொட்டி வேண்டாம்" என்றேன். "கக்கூஸ் வேணும். பெம்பிளையளுக்கு. அதில்லாமத்தான் குடிக்கிறேல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயோ, ஏன்டி சொன்னனி எண்டு எனக்குள்ளயே கேக்குது—

"ஓம்" என்று றஹ்மாவின் குரல். "எனக்கும் வேணும். நான் காலையில இருந்து குடிக்கல்ல. நேத்தும் குடிக்கல்ல. இந்த லோஞ்சில ஏறின ஒரு நாளும் குடிச்சதில்ல."

சிரிப்பு நின்றது. முஹம்மது தம்பி நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "என்ட பொஞ்சாதி இருவது வருஷமா இந்த லோஞ்சில வந்து போறா. ஒரு நாளும் சொன்னதில்லயே." அதற்கு ஒரு கிழவி, "நீ கேட்டியா?" என்றார். இந்த முறை பெண்கள் சிரித்தார்கள்.

அல்பிரட்தான், மாற்றலாமென்று சட்டம் இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கென்று சொல்லித்தான் காசு சேர்த்தோம், கம்பஸ்ஸில் எல்லோரையும் கேட்க வேண்டும் என்றார். என்னைப் பார்க்கவில்லை. கல் வைக்காமலே போய்விட்டார்கள்.

செப்டம்பர் 3

அம்மா கதைப்பதில்லை. சந்தியில் பையன்கள் என் பெயரோடு சேர்த்து "கக்கூஸ் மலர்" என்று கூப்பிடுகிறார்கள். தொட்டியும் போய், கக்கூஸும் போய்விட்டதா?

செப்டம்பர் 6

கம்பஸ்ஸிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இன்று சுபைதா அக்கா வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டார். தண்ணீர் குடிக்கவில்லை.

செப்டம்பர் 10

மழைக் குணம். கடையில் ஆள் குறைவு. நான் செய்தது சரியா? சரியென்றால் ஏன் இப்படி இருக்கிறது?

செப்டம்பர் 15

மத்தியான லோஞ்சுக்குச் சனம் நிறைந்து நின்ற நேரம், யோசேப் அண்ணை தோளில் கயிறும் கையில் முளைகளுமாக வந்தார். பின்னால் வண்டிலில் கல். அல்பிரட் சொல்லியனுப்பியிருக்கிறாராம். கம்பஸ்ஸில் இரண்டு நாள் சண்டையாம், றஹ்மா மேசையில் ஏறி நின்று கதைத்தாராம்.

மூலைக்குப் போய் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு அங்கிருந்தே உரத்துக் கூப்பிட்டார்.

"பிள்ளை! கக்கூசுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

ஜெட்டியில் நின்ற ஆண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா என் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டார்.

நான் எல்லோருக்கும் நடுவால் நடந்து மூலைக்குப் போனேன். வாசல் ரோட்டுக்கும் தெரியக்கூடாது, லோஞ்சுக்கும் தெரியக்கூடாது. சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று, குதிக்காலால் மணலில் கோடு கீறினேன்.