மூன்றாவது தடவை சொல்லிக்கொள்வது

என்னங்க,

ராத்திரி டியூட்டி முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துப் போகிறேன்.

லைப்ரரிக்காரியைப் பார்க்கப் போகிறேன். வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறேன் என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டு, கட்டிப்பிடித்து அழுதும் ஆகிவிட்டது. இரண்டு தடவையும் விசா தள்ளிப்போனது. நேற்று கடைத்தெருவில், "இன்னும் கிளம்பலையாடி? அந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ் இல்லாமலே வளர்ந்துடப் போகுதுங்க" என்று சிரித்தாள். நிஜமாகவே நாளைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நம்பமாட்டாள். சொல்லாமல் போனால் மன்னிக்கமாட்டாள்.

ஐந்து மணிக்கு என் பள்ளிக்கூட டீச்சர்கள் வருவார்கள், அவர்களும் இரண்டு தடவை வழியனுப்பியவர்கள்தான், உட்கார வையுங்கள். நாளைக்குத்தான் பயணம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லை, வேண்டாம், நானே சொல்கிறேன்.

"அவங்களுக்காக ரெண்டு தடவை அழுதே, எனக்காக ஒரு தடவைகூட அழலையே" என்று காலையில் கேட்டீர்கள். நான் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தேன். ஏன் அழவில்லை என்று எனக்கே புரியவில்லை.

பின்குறிப்பு: பால் காய்ச்சவில்லை.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். அவர்களை விட்டுப் போகிறேன் என்று தெரிகிறது. உங்களையும் விட்டுப் போகிறேன் என்பது இன்னும் புத்தியில் ஏறவே இல்லை. நாளைக்கு ஏர்போர்ட்டில்தான் ஏறும் போலிருக்கிறது. வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.