இருபத்தோராம் பாடம்

திண்டிவனம்
9.7.2023

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

நீ நலமா? நிலாக்குட்டி நலமா? அவளுக்குப் புது டீச்சர் வந்திருப்பதாகக் கேள்வி. எப்படி இருக்கிறார்? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. பேச வேண்டியதை எழுதி அனுப்பச் சொல் என்று உன் தம்பி பீமாராவிடம் சொல்லிவிட்டிருக்கிறாய். இதோ எழுதுகிறேன். பிளஸ் டூ பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை.

செஞ்சியில் பச்சமுத்துவின் பேனர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, போட்டோஷாப் கற்றுக்கொள்ளப் புத்தகம் தேடுகிறாயாமே? ஒன்பது வருஷம் நம் ஸ்டுடியோ கல்லாவில் உட்கார்ந்தவள் நீ. புருஷன் ஒருத்தன் அதே தொழிலில் இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? இத்துடன் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறே பக்கம். பாஸ்போர்ட் போட்டோ, பின்னணி மாற்றுவது, கலர் ஏற்றுவது எல்லாம் இருக்கிறது. உனக்கு இது போதும். பெரிய புத்தகம் எதையும் வாங்கிக் குழம்பாதே.

தங்கச்சி கல்யாண பேனரில் நடந்தது நடந்துவிட்டது. ஆறு மாசம் ஆகப்போகிறது. ஆடி பிறப்பதற்குள் வந்துவிடு. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

உன்
கோதண்டராமன்


செஞ்சி
23.7.2023

நிலாவின் நைனாவுக்கு,

ஜெயஸ்ரீ எழுதுவது. இங்கே நாங்கள் நலம். புது டீச்சர் நல்லவர். நிலாவை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்.

எழுதி அனுப்பச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போனில் ஒன்று சொல்கிறீர்கள், மறுநாள் "நான் எப்ப சொன்னேன்" என்கிறீர்கள். காகிதத்தில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

உங்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபம் வேண்டாம், முழுக்கப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பன்னிரண்டாம் பக்கத்திலேயே கறுத்த முகத்தை வெளுக்க வைக்கச் சொல்லித் தருகிறது. நம் கல்யாண ஆல்பத்தில் எனக்கு மைதா மாவு பூசினீர்களே, அதே வித்தை. அதை நான் படிக்கப் போவதில்லை.

பீமாராவ் சென்னையிலிருந்து இரண்டு புத்தகம் கொண்டுவந்தான். ஒன்று இங்கிலீஷ், பளபளவென்று இருக்கிறது. ஆனால் அது புது வெர்ஷனுக்கு எழுதியது. அதில் சொல்கிற பட்டன் பாதி பச்சமுத்து அண்ணன் கம்ப்யூட்டரில் இல்லை. உங்கள் கடையில் இருக்கிற அதே பழைய வெர்ஷன்தான் இங்கேயும். இன்னொன்று பழைய புத்தகக் கடையில் எடுத்தது. தமிழ், அறுநூறு பக்கம், அட்டை கிடையாது. நமக்குத் தோதான வெர்ஷன். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும், பழகின ஆளுக்கு அந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் இதுதான் என் புத்தகம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தை மாசம் மண்டப வாசலில் நிலாவோடு ஆட்டோவிலிருந்து இறங்கினேன். இருபதடி பேனர். செஞ்சிக் கோட்டைப் படிக்கட்டில் நாம் எல்லாரும் நின்று எடுத்த படம். நீங்கள் இருந்தீர்கள், அத்தை இருந்தார்கள், உங்கள் தங்கச்சி இருந்தாள், நிலா இருந்தாள். நான் இல்லை. "அம்மா, என் தோள்ல இருந்த உன் கை எங்கம்மா?" என்று பிள்ளை கேட்டாள். அப்படியே பஸ் ஏறி இங்கே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னை எடுத்துப் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயஸ்ரீ


திண்டிவனம்
6.8.2023

அன்பு ஜெயஸ்ரீ,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

அந்தத் தடிப் புத்தகம் என் அலமாரியிலும் இருக்கிறது. நான் தொழில் படித்ததே அதில்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், ஆழம் தெரியாமல் காலை விடாதே. இருபதாம் பாடம் வரை படி. அதற்கு மேல் பேனர் வேலைக்குத் தேவைப்படாது, கண்ணுக்குத்தான் கேடு.

எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறாய். ஒரு நிமிஷம். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீடு பெரிய இடம். அண்ணி காலனிப் பெண் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அழுதாள். கை தானாக அழுத்திவிட்டது. ஒரே கிளிக். யோசிப்பதற்குள் பிரிண்டுக்குப் போய்விட்டது.

ஒரு நிமிஷத் தப்புக்கு ஒரு குடும்பத்தை உடைப்பாயா? உன்னைக் கட்டிக்கொள்ள என் வீட்டையே எதிர்த்து நின்றவன் நான். அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?

உன்
கோதண்டராமன்


செஞ்சி
3.9.2023

நிலாவின் நைனாவுக்கு,

நலம். போன அமாவாசைக்கு மேல்மலையனூர் அன்னதான பேனர் மட்டும் பதினேழு வந்தது. அதில் பன்னிரண்டு நான் செய்தது. ஒரு பேனரில் தலைவர் படத்தைவிட அவர் மச்சான் படம் பெரிதாகிவிட்டது என்று கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

இருபதாம் பாடத்தோடு நிறுத்தச் சொன்னீர்கள் அல்லவா? கடிதம் வந்த அன்றே இருபத்தோராம் பாடத்தைத் திறந்தேன். படத்திலிருந்து ஓர் ஆளை நீக்குவது எப்படி என்ற பாடம். பழகினவருக்கே ஒரு முழு நாள் பிடிக்கும் என்று தலையில் போட்டிருக்கிறது.

அந்தக் கோட்டைப் படம் என் போனில் இருந்தது. அதை வைத்தே பழகினேன். ஆளை வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவது சுலபம். ஆளை எடுத்துவிட்டால்தான் அங்கே ஓட்டை விழுகிறது. எனக்குப் பின்னால் இருந்த பாறையைப் பக்கத்துப் பாறையிலிருந்து துளித் துளியாக எடுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. படிக்கட்டின் கோடு உடையாமல் வர வேண்டியிருக்கிறது. என் முந்தானை பிள்ளையின் கையை மறைத்திருந்த இடத்தில் அவளுக்குப் புதிதாக ஒரு கை செய்ய வேண்டியிருக்கிறது. அவள் தோளிலிருந்து என் விரலை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கவுனில் இருக்கும் பூவைப் போட வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒன்பது நாள் ஆனது, அப்படியும் சரியாக வரவில்லை. உங்களுடையதைப் பட்டப்பகலில் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு ஒட்டுக்கூடத் தெரியவில்லை. போனில் விரலால் தேய்த்து அழித்தேன் என்றும் சொல்லிவிடாதீர்கள். அதை இருபதடிக்கு இழுத்தால் மங்கிப் போகும் என்று இங்கே டீ வாங்கி வருகிறவருக்கும் தெரியும். இது கை தவறிச் செய்த வேலை இல்லை. பொறுமையாக உட்கார்ந்து, ரசித்துச் செய்த வேலை.

யோசித்துப் பார்த்தேன். உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் மதியம் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் மானிட்டரை அணைத்து, "கண்ணு வலிக்குது" என்றீர்கள். கருவாட்டுக் குழம்பு. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். நான் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனதும் மறுபடி மானிட்டரைப் போட்டிருப்பீர்கள். அப்போது நான் எவ்வளவு மிச்சம் இருந்தேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள், அந்தச் சோற்றையும் நானே போட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு பதில் எழுதுங்கள். எவ்வளவு நேரம்? அத்தையைக் குறுக்கே இழுக்காமல் எழுதுங்கள்.

ஜெயஸ்ரீ


திண்டிவனம்
17.9.2023

ஜெயஸ்ரீ,

இரண்டு நாள்.

அம்மா அழவில்லை. அவள் கடைப் பக்கமே வரவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டபோது, "அவ இருந்தா இருக்கட்டும்டா, இன்னா இப்போ" என்றுதான் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் பயந்தேன், நானாகத்தான் செய்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று எனக்கு யார்மேலும் பயம் இல்லை. பிறகு அது எப்போது பிடித்தது என்று எனக்கே தெரியவில்லை.

பரிகாரமாக ஒன்று செய்திருக்கிறேன். அதே படம், அதே இருபதடி, நீ நடுவில் நிற்கிறாய். பிரிண்ட் போட்டு வைத்துவிட்டேன். மேம்பாலத்துப் பக்கம் கட்டுகிறேன். ஊரே பார்க்கட்டும். நீ மட்டும் வந்துவிடு.

கோதண்டராமன்


செஞ்சி
1.10.2023

நிலாவின் நைனாவுக்கு,

உண்மையை எழுதினதற்குச் சந்தோஷம். மனசாரச் சொல்கிறேன். அத்தை அப்படிச் சொன்னார்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். நான் விசாரித்ததாக அவர்களிடம் சொல்லுங்கள்.

பேனரைக் கட்ட வேண்டாம். நீங்கள் எடுத்தால் போகவும் வைத்தால் வரவும் நான் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற படம் இல்லை. நான் திரும்பி வர மாட்டேன். கோபத்தில் ஒரு நிமிஷத்தில் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இங்கே டிசைன் வேலை முழுவதையும் பச்சமுத்து அண்ணன் என் பொறுப்பில் விட்டுவிட்டார். என் மேஜையில் யார் முகத்தையும் வெளுப்பதில்லை, சொன்னாலும் செய்வதில்லை. வேண்டுமென்றால் வேறு கடைக்குப் போகட்டும்.

நிலா உங்களைத் தேடுகிறாள். நைனாவை அவளிடமிருந்து நான் பிரிக்க மாட்டேன். ஆனால் ஒன்று. இந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் தெருவுக்குள் நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்வீர்கள், நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவேன். இனிமேல் அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். மெயின் ரோட்டுக் கடையில், காலனியில் ஜெயஸ்ரீ வீடு எது என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரிக் கேளுங்கள். வண்டியை எங்கள் வாசலில் நிறுத்துங்கள். எங்கள் அம்மா சமைப்பார்கள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போங்கள்.

வர முடியாது என்றால் அந்தக் காரணத்தை எனக்கு எழுத வேண்டாம். நிலாவின் பேருக்கே எழுதி அனுப்புங்கள். அவள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

ஜெயஸ்ரீ