அரக்கும் அம்மாவின் ஊசியும்

அக்கா,

போன வாரம் மயிலாப்பூர் தபாலாபீசில் அரக்கு வாசனை வந்தது. பேத்திக்கு ஒரு பத்திரத்தை இன்ஷூர் பண்ணி அனுப்பப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அரக்கு முத்திரை இல்லாமல் வாங்கமாட்டேன் என்றாள். பிறகு பாவம் பார்த்து அவளே மெழுகுவர்த்தி ஏற்றி, சிவப்பு அரக்குக் குச்சியை உருக்கினாள். முதல் சொட்டு உறைமேல் விழுந்ததும் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. ரசீதை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் வாசல்வரை ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஒரு மாதமாக உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். மன்னிப்பு இல்லை, அதை நீ இருக்கும்போதே பல தடவை கேட்டு உன்னை அலுக்க வைத்துவிட்டேன். இது அதைவிட மோசம். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் மந்தைவெளியில் இருந்தோம். அம்மா இல்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. நான் நாடகம் எழுதுகிறேன் பேர்வழி என்று சபா சபாவாக அலைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் உன்னுடையது. தி.நகரில் ஒரு பங்களாவை ஆபீஸாக மாற்றியிருந்த பம்ப்செட் கம்பெனியில் நீ முதலாளிக்கு ஸ்டெனோ. அந்த வேலை போனால் நாம் நடுத்தெருவில் என்பதை நீ வாரத்துக்கு ஒரு முறையாவது எனக்கு ஞாபகப்படுத்துவாய். நானும் வாரத்துக்கு ஒரு முறை மறந்துபோவேன்.

உன் முதலாளியும் எதிர் கம்பெனி முதலாளியும் ஒருகாலத்தில் கூட்டாளிகள். பிரிந்த பிறகு ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதுதான் இருவருக்கும் தொழில், பம்ப்செட் எல்லாம் அதற்கு அப்புறம். இவர் அவருடைய ஃபோர்மேனை ஆசை காட்டி இழுத்துக்கொள்வார். அவர் ஹார்பரில் ஆள் பிடித்து இவருடைய சரக்கை வாரக்கணக்கில் முடக்கிவைப்பார். யார் வீட்டுக்கு எந்த அதிகாரி தீபாவளிக்கு வந்தார், போகும்போது கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். சாயங்காலம் நீ சாதம் போட்டுக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் மறுநாள் அதை வசனமாக எழுதுவேன். இரண்டு கூட்டாளிகள் பகையாளிகளாகும் அந்த நாடகம் மயிலாப்பூர் சபாக்களில் நன்றாகப் போயிற்று. அதைப் படமாக எடுக்க ஒருவர் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் நீ ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தாய். முகத்தில் சிரிப்பை அடக்கமுடியவில்லை. மறுநாள் காலையில் அரசாங்க ஆபீசில் திறக்கவேண்டிய எதிர் கம்பெனியின் டெண்டர் உறை, அன்று சாயங்காலம் உன் முதலாளியின் மேஜையில் இருந்ததாம். அங்கிருந்த பியூன் ஒருவன் கொண்டுவந்திருக்கிறான். ஆபீஸ் பூட்டுவதற்குள் உறை திரும்பிப் போயாகவேண்டும். மேனேஜர் பிளேடால் அரக்கை நெம்பப் பார்த்து ஓரத்தை உடைத்துவிட்டார். மூன்று ஆண்பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். உனக்குப் பொறுக்கவில்லை. “குடுங்க சார்” என்று வாங்கி, கொண்டையிலிருந்த ஊசியை உருவி, மெழுகுவர்த்தியில் காய்ச்சி, முந்தானையால் பிடித்துக்கொண்டு அரக்குக்கு அடியில் மெல்ல விட்டாயாம். வில்லை முழுசாகக் கழன்று வந்தது. அவர்கள் விலையைப் பார்த்துக்கொண்டார்கள். அதே வில்லையை அடியில் ஒரு சொட்டு அரக்கு வைத்து நீயே திரும்ப ஒட்டினாய். உடைந்த ஓரத்தைக்கூட ஊசி நுனியால் இழைத்துச் சரிபண்ணிவிட்டாய்.

அது அம்மாவின் ஊசி. தட்டையான வெள்ளிக் காம்பு, தலையில் ஒரு சிவப்புக் கல். அம்மாவுடையது என்று நம் வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். நீ அது இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டாய். கழற்றிக் காட்டினாய், நுனி கறுத்திருந்தது. எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதைச் சொல்லும்போது உனக்கு இருந்த பெருமையை நான் பார்த்தேன். திடீரென்று சிரிப்பு நின்றது. தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டாய். சமையலறையிலிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

“டெண்டர், உறை, எல்லாம் எழுதிக்கோ. என் ஊசிய மட்டும் எழுதாதடா.”

சரி என்றேன். எழுதவும் இல்லை. படத்தில் சேர்த்த காட்சியில் டைப்பிஸ்ட் பெண் ஒரு பேப்பர் வெட்டும் கத்தியைக் காய்ச்சுவதாகத்தான் எழுதினேன். அடையாறு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஒத்திகை பார்த்தபோது காட்சி செத்துக் கிடந்தது. டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு தடவை, மூன்று தடவை, கத்தி கத்தியாகவே இருந்தது. என் வாயிலிருந்து அது வந்துவிட்டது: “கொண்டை ஊசி.” செட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. டைரக்டர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலுக்காக அப்போது நான் எதையும் கொடுத்திருப்பேன்.

செட்டுக்குச் சாமான் கொண்டுவருகிறவர் நொச்சிக்குப்பத்துக்காரர், தன் வேலையில் கறார். கடையிலிருந்து தான் வாங்கிவந்த ஊசியைத் தானே வெறுப்போடு பார்த்தார்.

“இன்னா சார் இது, பளபளன்னு கீது. இத்த வெச்சுக்கினு கிட்டக்க எடுத்தா, நேத்து வாங்கினதுன்னு கொயந்தைக்குக்கூடத் தெரியும்.”

அவர் சொன்னது நியாயம். அக்கா, நம் இரண்டு பேருக்குமே வேலை அரைகுறையாக நடந்தால் பொறுக்காது. மறுநாள் நீ தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே நாள்தான் என்று நினைத்தேன். மிச்சக் காட்சிக்கு வேண்டும் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நீ வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினாய். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். அவளும் புரிந்துகொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஊசி திரும்பி வந்ததும் எங்கேயாவது அலமாரிக்குப் பின்னால் போட்டு, நானே கண்டெடுப்பதுபோல எடுத்துத் தரலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு உன்னைத் தி.நகர் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். உன் பாராட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் காட்சியில் திரை முழுக்க ஊசி. சிவப்புக் கல்லும் கறுத்த நுனியும் அப்படித் தெரிந்தன. அரக்கு வில்லை முழுசாகக் கழன்றபோது தியேட்டரே கைதட்டியது. உன் கை தலைக்குப் போய்க் கொண்டையைத் தடவிவிட்டு இறங்கியது.

“அது அம்மாவோடது” என்றாய். படம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

அதே படத்தை உன் முதலாளியும் பார்த்திருந்தார். திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி என்று நீ பிறகு சொன்னாய். “ஊசி எங்கம்மா? ரொம்ப நாளா தலையில காணோமே?” வேலை போய், மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டாய். படத்துக்குப் பணம் போட்டவர் எதிர் கம்பெனி முதலாளியின் மைத்துனர் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. படத்தைக் காட்டி அவர்கள் மிரட்ட, இவர் எல்லாம் ஸ்டெனோ செய்த வேலை என்று கையை விரிக்க, கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி அடுத்த டெண்டரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பகை ஒரு மாதத்தில் தீர்ந்தது. ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டார்களாம்.

உன்னை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊரில் எந்தக் கம்பெனியில் ஏறினாலும், இவளை வைத்துக்கொண்டால் நம்மையும் படத்தில் போட்டுவிடுவாள் என்ற பயம். கடைசியில் மந்தைவெளியிலேயே ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனாய். ரிட்டையர் ஆகும்வரை அதுதான். எனக்கு அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. ஊசியைத் திருப்பிக் கொடுத்தபோது நீ கையால் தொடவில்லை. “நீயே வெச்சுக்கோ” என்றாய். அதற்குப் பிறகு நீ கொண்டை போட்டுக்கொண்டதே கிடையாது, பின்னல்தான். அப்பா போனபோதும், என் கல்யாணத்திலும், நரைத்த பிறகும் பின்னல்தான்.

நாற்பது வருஷம் அந்தப் படத்தைப் பற்றி நீ பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாய்.

“சீன் நல்லாத்தான் எடுத்திருந்தீங்க. ஆனா அந்தப் பொண்ணு ஊசிய வெறும் கையால பிடிக்கிறா. வெள்ளி அப்படிச் சுடும்டா. முந்தானை இல்லாம முடியாது.”

நான் அழுதேன். நீ என்னைத் தேற்றவில்லை, ஆரஞ்சைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

போன மாதம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். உன்னை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அந்தக் காட்சி வந்ததும் உன் நினைவு போய்விட்டது. எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. பிறகு அவளுடைய வெறும் விரல்களைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அந்த இடத்தில் முந்தானை இருந்திருந்தால் காட்சி இன்னும் எங்கேயோ போயிருக்கும். உன் வேலை போனதைப் பற்றி அந்த நிமிஷம் எனக்கு வருத்தமே இல்லை அக்கா. முந்தானையை விட்டுவிட்டோமே என்றுதான் வருத்தப்பட்டேன். இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

ஊசி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நுனிக் கறுப்பு அப்படியே இருக்கிறது. உன் பேர் சொல்லி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன், மனசு வரவில்லை. ஆனால் நாளைக்கே யாராவது கதவைத் தட்டி, அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்கிறோம், ஒரே ஒரு நாளைக்கு ஊசி வேண்டும் என்று கேட்டால், கொடுத்துவிடுவேன். முந்தானையை மறக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்புவேன்.

உன் தம்பி