கணக்கில் வராத நாலு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வலி பரவாயில்லை. மருமகள் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஆறாம் மாதம். களைப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அவளைப் படுத்துவது வயிறு இல்லை, கணக்கு.

எண்ணெய் வித்தில் கரைப்பானை ஊற்றி எண்ணெயைப் பிரித்தெடுக்கும் சின்னச் சோதனை ஆலையில் இருக்கிறாள். ஆலையை ஒரு தடவை ஓட்டினால், அந்த ஒரு ஓட்டத்துக்கு வித்தும் கரைப்பானுமாக நூற்றெழுபது கிலோ உள்ளே போகிறது. எண்ணெய், மீட்ட கரைப்பான், ஈரச் சக்கை எல்லாம் சேர்த்து வெளியே வருவது நூற்றறுபத்தாறு.

"நாலு கிலோதானே? ரெண்டரை சதவீதம்கூட இல்ல," என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க அத்தை."

மார்ச் 5

கல்லூரியில் இந்தக் கணக்கை நான் பாடம் நடத்திய காலத்தில் கெட்டிலை வைத்துத்தான் தொடங்குவேன். ஊற்றிய தண்ணீர் முழுவதும் கோப்பைக்கு வராது. கொஞ்சம் அடியில் தங்கும், கொஞ்சம் ஆவியாகும். மூன்றையும் கூட்டினால் ஊற்றிய அளவு வந்தாக வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்றை நாம் பார்க்கவில்லை.

அடியில் ஏதாவது தங்குகிறதா என்று கேட்டேன். வடித்துத் திறந்து பார்த்தாயிற்றாம். குழாய் இணைப்பு? பார்த்தாயிற்று. வால்வு?

"அத்தை, நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல."

மகன் சிரித்தான். "ஆபீஸ்லேர்ந்து தப்பிச்சு வந்தா வீட்லயும் வைவாவாம்மா?"

வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 7

அவளுடைய மேலாளருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் சரிக்கட்டி. எது இடித்தாலும் சரிக்கட்டிவிடுவாராம். இன்று சொன்னாராம்: "அந்த நாலு கிலோவை எல்லாத்துலயும் பங்கு போட்டுடுங்கம்மா. வியாழக்கிழமை அறிக்கை போயாகணும்."

பங்கு போடுவது ஏமாற்று இல்லை. நானே கற்றுக்கொடுத்த முறைதான். எல்லா அளவிலும் சின்னச் சின்னப் பிழை இருந்தால், ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருத்திக் கணக்கை நேராக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட பிழை ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும். இங்கே ஒரு தடவையாவது அதிகமாக வந்ததா என்று மெல்லக் கேட்டேன்.

"ஒரு தடவைகூட இல்ல. எப்பவும் குறையும்."

சோதனை எடைக்கல் வைத்துத் தராசையும் பார்த்திருக்கிறாள். சரியாகக் காட்டுகிறது. அப்படியானால் சரக்கு நிஜமாகவே போகிறது. வித்து பறக்காது, எண்ணெய் பறக்காது. கரைப்பான் பறக்கும். பறந்து எங்கே போகிறது? யார் மூச்சுக்குள்?

அவளிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 8

சோறு இறங்கவில்லை. உப்பு அதிகமோ என்று மகன் கேட்டான். ஆமாம் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பாட்டு முணுமுணுத்தபடி துணி மடித்தாள். "இன்னிக்குத் தலைவலி இல்ல அத்தை."

"தினமும் வலிக்குதா?"

"மாசமா இருந்தா அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன். ஆனால் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் ஏன் வலிக்கவில்லை? கேட்டேவிட்டேன். அவள் மடியிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய் மடிக்கணினியை எடுத்து வந்தாள். ஓட்டங்களைக் கிழமைவாரியாகப் பிரித்தாள். நானாக இருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது.

மற்ற நாள்களில் நாலு கிலோ. வெள்ளிக்கிழமை ஓட்டங்களில் ஆறு.

ஓட்டம் முடிவதற்குள் எடை போடுபவர் கிளம்பிவிடுவாராம். சக்கையை மூட்டை கட்டி எடை அறையில் வைத்துவிடுவார்கள். எடை போடுவது மறுநாள் காலை. வெள்ளிக்கிழமை மூட்டைக்குத் திங்கட்கிழமை. அதுவரை ஈரச் சக்கையிலிருந்து கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஏசி போட்டு அடைத்த அறை. ஆலை முழுக்க அதே வாசனை என்பதால் மூக்குக்கும் தனியாகத் தெரியாது.

"அத்தை," என்றாள். "என் மேஜை அங்கதான் இருக்கு."

தெரியும். மாடிப்படி ஏறாதே, கீழே இடம் கேள் என்று போன மாதம் நச்சரித்தது யார்? நான். நான்தான்.

மார்ச் 10

போகாதே என்றேன். கெஞ்சினேன். "கையில ஆதாரம் இல்லாமப் போனா பங்கு போடத்தான் சொல்வாங்க. நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன், சரியா?" என்று கிளம்பிவிட்டாள்.

நாளெல்லாம் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இருட்டும்போது வந்தாள். தராசை வெளி வராந்தாவுக்கு இழுக்க வைத்து, சக்கை வெளியே வந்த கையோடு மூட்டையை எடை போட்டிருக்கிறார்கள். கணக்கில் விழுந்த குறை அரைக் கிலோ. அவ்வளவுதான்.

ஒரு கணக்கு நேரானதற்கு என் ஆயுளில் நான் அழுததில்லை. இன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11

சரிக்கட்டி சொன்னாராம்: "தலைவலின்னா லீவு போடுங்கம்மா. ஆலையை எதுக்கு இழுக்கறீங்க?"

இவள் கேட்டாளாம்: "நான் லீவு போட்டா அந்த நாலு கிலோ யார் மூக்குக்குப் போகும் சார்? பங்கு போட்டுக்கலாமா?"

அவர் எழுந்துவிட்டாராம். எடை அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். வெளியே வந்து, மூட்டைகளை எல்லாம் திறந்த கொட்டகைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாராம்.

மகன்தான் திரும்பத் திரும்ப அந்தக் கேள்வியைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதம். ஒரு மாதம் அந்தக் காற்று.

மார்ச் 13

அறிக்கை போய்விட்டது. எந்த எண்ணிலும் கை வைக்கவில்லை. பழைய ஓட்டங்களில் குறைந்த எடைக்கு எதிரே 'அறைக் காற்றில்' என்று எழுதியிருக்கிறாள்.

மார்ச் 17

ஸ்கேன். மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். நிதானமாகக் கேட்டார், நிதானமாகப் பார்த்தார். திரையில் ஒரு குதிகால் உதைத்தது.

"வளர்ச்சி எல்லாம் சரியா இருக்கு. இப்போதைக்குக் கவலைப்பட ஒண்ணுமில்ல."

இப்போதைக்கு. அந்த அளவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம், பிழை கூடினால் எத்தனை, குறைந்தால் எத்தனை என்று கேட்க வாய் திறந்தேன்.

படுக்கையில் கிடந்தபடியே மருமகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

கேட்கவில்லை.