குழாயடிப் பாசி

இன்று காலை நம்ம லைன் குழாயடியில் மறுபடியும் ப்ளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போனார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் காய்ந்து கிடக்கிற சிமென்ட் மேடை அது. வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வந்தால் அதிசயம். அதில் பாசி எங்கிருந்து பிடிக்கும்? ஆனாலும் பவுடர் போட வந்த ஆள் என்னிடம் அக்கறையாகச் சொன்னார்: "பாத்து நடங்கக்கா. இந்த லைன்லதான் பொம்பளைங்க ரொம்ப வழுக்கி வுழறாங்களாம். மாசத்துக்கு ஒரு வாட்டி போடச் சொல்லிக்கீறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கீழுதடு பிளந்து ரத்தம் கசிந்தது. விடிந்ததும் வாங்கிய அடி, இன்னும் காயவில்லை. அந்தப் பவுடர் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து எதிரில் நின்றாய். அது உன்னால் வந்த பவுடர் என்று ஊரில் சொல்வார்கள். இல்லை, என்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ கல்லறைக்குப் போன பிறகு சொல்வது, என் வழக்கப்படி லேட்டுதான்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஆஷா வேலைக்குச் சேர்ந்தவர்கள், வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து உடம்பு விசாரிக்கிற சர்க்கார் வேலை. கோரமண்டல் லைன் வீடுகள் நமக்கு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். "பக்கத்து வூட்ல ரசம் தாளிச்சா இங்க தும்மல் வருது. அடி வுழுந்தா மட்டும் ஒருத்தருக்கும் காது கேக்கறதில்ல" என்பாய்.

போலியோ சொட்டு மருந்து நாட்களில் நீலப் பெட்டி உன் தோளில், ரிஜிஸ்டர் என் கையில். வீட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டாயிற்று என்றால் கதவில் சாக்பீஸால் 'பி' போடுவோம். விட்டுப்போயிருந்தால் 'எக்ஸ்'. அப்படி ஒரு நாள் கதவைத் திறந்த பெண்ணுக்கு இடது கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்றாள். அந்த வாரத்தில் அதே வரிசையில் கதவு இடித்த மூன்றாவது முகம் அது. நீ வெளியே வந்து 'பி' போட்டாய். கொஞ்சம் யோசித்து, அதன் காலடியில் ஒரு புள்ளி வைத்தாய்.

"இன்னாடி இது, புதுசா?"

"இந்த லைன்ல கதவுங்களுக்குத்தான் ரொம்ப கோவம். எந்தெந்தக் கதவுன்னு தெரிய வேணாமா?"

புள்ளி வைத்த வீடுகளுக்குக் காலை வண்டிக்கும் சாயங்கால வண்டிக்கும் நடுவில் போவோம். ஆண்கள் பெங்களூர் வேலைக்கு ரயிலேறிப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும்தான் சில பெண்களுக்கு அவர்கள் உடம்பு அவர்களுடையதாக இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாய். சிலரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காயத்தை எழுதிவைக்கச் செய்தாய். இரண்டு பேரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு மாமியார் சொன்னபோது, "அணைக்கவே வேணாம்மா, அடிக்காம கீறானான்னு மட்டும் பாத்துக்கோ" என்றாய்.

ஒரு தடவை நம் கணக்குத் தப்பியது. அந்த வீட்டுக்காரனுக்கு அன்று லீவு என்று நமக்குத் தெரியாது. உள்ளே நுழைந்தபோது அவன் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. நீ பெட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாய். பெல்ட்டின் இரும்பு பெட்டி மேல் இறங்கிய சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. இரண்டாவது வீச்சு உன் காதைக் கிழித்தது. நீ நகரவில்லை. "அடிப்பா. உள்ள கொழந்தைங்க மருந்து கீது. ஒடஞ்சா இந்த வார்டு புள்ளைங்க எல்லாத்துக்கும் நீதான் பதில் சொல்லணும்" என்றாய். பெல்ட்டை எறிந்துவிட்டு அவன் வெளியே போனான். காதில் பஞ்சை அமுக்கிக்கொண்டு மீதி வீடுகளையும் நீ முடித்த பிறகுதான் தையல் போடப் போனோம்.

ஊருக்கு உபதேசம் சொல்ல நான் உன்னைவிடக் கெட்டிக்காரி. "பொறுத்துக்கினு போனா பொழப்பு நாறிடும்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கதை உனக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரனை இங்கே அவன் என்றே எழுதுகிறேன். இருபது வருஷம் 'அவரு, அவரு' என்று சொல்லி வாய் மரத்துப்போயிற்று. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அங்கே எல்லாருக்கும் கதவு திறந்து சல்யூட் வைக்கிறவன். இங்கே வந்தால் கதவைச் சாத்தி, அவன் அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்த இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பான். முகத்தில் அடிக்க மாட்டான். நான் நாலு வீட்டுக்குப் போகிறவள் இல்லையா, அந்த மரியாதை தெரிந்தவன். நீ போன பிறகு அந்த மரியாதையும் போயிற்று.

அன்று தண்ணீர் வருகிற நாள். உன் குடத்துக்குப் பின்னால் என் குடத்துக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாய். அவனுக்குக் காலை வண்டி தவறிவிட்டது. குடித்த மயக்கத்தில் எழ முடியவில்லை. குற்றம் என்னுடையது, நான் எழுப்பவில்லையாம். கொண்டையைப் பிடித்து இழுத்து என் தலையைச் சுவரில் மோதினான். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். மறுபடி மோதினான். மூன்றாவது தடவை மோதும்போது நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். ஆத்திரத்தில் கம்பியைக் குறுக்கே போட மறந்திருந்தான். அது கையெட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது.

எடுத்து வீசினான். என் தலைக்கு வீசினானா உன் தலைக்கு வீசினானா, இன்றுவரை தெரியாது. நீ வலது கையைக் குறுக்கே நீட்டினாய். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. மணிக்கட்டுக்கு மேலே கை மடங்கித் தொங்கியது, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே தெரிந்தது. நீ கத்தவில்லை. என்னைப் பார்த்து, "உக்காரு. தலையில ரத்தம் வருது உனக்கு" என்றாய்.

அதற்கப்புறம் அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கேஸ் ஆனா வேல பூடும். ரெண்டு பொண்ணு கீது நமக்கு. யோசிச்சிப் பாரு." ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் அவனும் ஏறிக்கொண்டான். "சிஸ்டருக்கு வலிக்குது, மெதுவா ஓட்டுப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

எலும்பு முறிந்து வந்தால் போலீஸ் வந்து கேட்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்தக் கேள்விக்கு எத்தனை பேரைத் தயார் செய்திருக்கிறோம். கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்து, "ஏனம்மா, ஏனாயித்து?" என்று கன்னடத்தில், என்ன நடந்தது எனக் கேட்டார். உன்னைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"குழாயடியில வழுக்கி வுழுந்துட்டாங்க சார். தூக்கப் போயி நானும் வுழுந்துட்டேன்."

நீ என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் இல்லை. பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினாய்.

"ஆமா சார். பாசி. எத்தினி வாட்டி சொன்னாலும் யாரும் கண்டுக்கறதில்ல."

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா அவன் உள்ள போவான். நீ அவனுக்கு சோறு கட்டிக்கினு பின்னாலயே போவ. இத்த நீ சொல்லணும்டி" என்றாய்.

பாசி என்ற பேச்சு எப்படியோ வார்டு ஆபீஸ்வரை போய், பவுடர் வந்து சேர்ந்தது. நம் லைனுக்கு நாம் கேட்டதில் அவ்வளவு சீக்கிரம் வந்த பொருள் வேறு இல்லை. விஷயம் அதோடு நிற்கவும் இல்லை. லைனில் பெண்களைக் கதவு இடிப்பது நின்றுபோய், எல்லாரும் குழாயடியில் வழுக்க ஆரம்பித்தார்கள். ஆஷா அக்காவே விழுந்த இடம், போலீஸே எழுதிக்கொண்ட இடம். அதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? உடைந்த பல், கிழிந்த புருவம் எல்லாவற்றுக்கும் நான் சொன்ன பொய்யே போதுமானதாக இருந்தது.

உன் கை கோணலாகவே கூடியது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஊரிகம் பக்கம் வேலையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அடுத்த சொட்டு மருந்து முடிந்து வீட்டுக்கு வந்தால், என் கதவில் கோணல் மாணலாக ஒரு 'பி' இருந்தது. இடது கையால் எழுதியது. அதன் காலடியில் புள்ளி. முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். அடுத்த தடவையும் புள்ளி, அதற்கடுத்த தடவையும் புள்ளி.

ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் உன்னை நடுரோட்டில் நிறுத்தினேன். "என் கதவுல கை வெக்காத" என்றேன். நீ சிரித்தாய். அறைந்தேன். கோணல் கையிலிருந்த பை நழுவித் தக்காளி ரோட்டில் உருண்டது. அடி வாங்கியே பழகிய எனக்கு அடிக்கவும் நன்றாகத்தான் தெரிந்திருந்தது. நீ கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் அடிக்கற. அத்த வூட்ல காட்டு."

நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று உன்னைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பங்காருபேட்டை தாண்டும்போதே ரயிலில் உயிர் போய்விட்டது. சவப்பெட்டியில் வைப்பதற்கு முன்னால் வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். இடது கைக்கு ஏறியது. வலது கைக்கு ஏறவில்லை. உன் மகள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பூவைப் போட்டு மூடிவிட்டாள். அவன் பெரிய மாலையாக வாங்கிவந்து போட்டான். "சிஸ்டர் மாதிரி ஒருத்தர் வருமா" என்று நாலு பேரிடம் சொன்னான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது.

உன் இடத்துக்கு வந்திருக்கிற புதுப் பெண் என் கதவில் அழகாக 'பி' போட்டிருந்தாள். புள்ளி இல்லை. துடைக்க எதுவும் இல்லாமல் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை பவுடர்காரர் போன பிறகு பக்கத்து வீட்டு சுகுணா வெளியே வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடது கையைத் துப்பட்டாவில் தூளிபோலக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். "இன்னாமா கையில?" என்றேன்.

"வழுக்கிட்டேன்க்கா. குழாயடியில." கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னவள் என் உதட்டைப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னாக்கா?"

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. இரண்டு பேர் காலடியிலும் காய்ந்த சிமென்ட், அதன் மேல் வெள்ளைப் பவுடர். "அடிச்சான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இருபது வருஷமும் உன் கையும் செலவாகியிருக்கின்றன.

வீட்டுக்குள் போய், உன் மகள் கொடுத்துவிட்டுப் போன உன் பையைத் திறந்தேன். இடது கைக்குப் பிடி கிடைக்க பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தாயே, அந்தச் சாக்பீஸ் அடியில் கிடந்தது. என் கதவில் நானே புள்ளி வைத்தேன். மூலையில் சாய்ந்திருந்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வழியாக நடந்தேன். தெரிந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கே போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனில் கம்பியை மேஜை மேல் வைத்தேன். அங்கிருந்த ஏட்டு நம்ம ஊர்க்காரர்தான். "இன்னாம்மா இது?" என்றார்.

"இதுலதான் சார் அன்னிக்கி வழுக்கி வுழுந்தாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கை உடைந்தவர் வந்து சொல்வாரா என்றார். செத்துவிட்டாய் என்றேன். அப்படியானால் சாட்சி யார் என்றார்.

"பொய் சொன்ன சாட்சி நான்தான் சார். மாத்திச் சொல்ல வந்துகீறேன்."

சாயங்கால வண்டிக்குக் கோரமண்டல் ரயில் ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் நிற்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நிற்பார்களா, அவன் வேறு வழியில் வந்துவிடுவானா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. கதவுக்குக் குறுக்கே போட இன்று கம்பி இல்லை. என் பெண்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள். சுகுணா கொஞ்சம் முன்னால் வந்து, வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உன் சாக்பீஸை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன், இன்னும் அரை விரல் நீளம் மீதியிருக்கிறது.

புகாரைக் கன்னடத்தில் நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியை மட்டும் உனக்கும் சொல்லிவிடுகிறேன்: குழாயடியில் அன்று யாரும் வழுக்கி விழவில்லை.