நான்கு முறை குச்சி தட்டும் சத்தம்

சுங்குவார்சத்திரம்
14.10.1991

முகம் பார்த்திராத ராஜாமணி அக்காவுக்கு, உங்கள் மகன் வசந்தகுமார் குடியிருந்த வீட்டுக்காரி மீனம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வேலூரில் தாங்களும் தங்கள் வீட்டுக்கார அண்ணனும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் சுகம் கேட்கக் கூடாதுதான். கை பழக்கத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

இங்கிலீஷ் பாட்டு ஒத்திகைக்கு என்று மார்ச்சில் ஐந்து பேராக எங்கள் பின்வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் செய்த அட்டூழியத்தை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடி இரண்டு, கிணற்றில் போட்ட நாற்காலி மூன்று, குடித்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸை மறித்துப் பாடியது ஒருதரம். மே மாதம் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த சம்பவத்துக்குப் பிறகு, நீள முடியைப் பார்த்துப் போலீசும் இரண்டுதரம் வந்து விசாரித்தது. யாருக்கும் அடங்காத பிள்ளைகள். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால், ட்ரம்ஸில் இருக்கும் உங்கள் மகன் குச்சியோடு குச்சியை நான்குதரம் தட்டும்வரை ஒருவனும் கிட்டார் கம்பியைத் தொட மாட்டான்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ரோட்டில் அவன்மேல் லாரி மோதியது. அண்ணன்தான் வந்து உடலை எடுத்துப் போனார். "மேளம் தூக்கிய அன்றே அவன் எனக்குச் செத்துவிட்டான்" என்று நீங்கள் வர மறுத்ததாகச் சொல்லி அழுதார்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து மற்ற நால்வரும் திரும்பி வந்தார்கள். குடி இல்லை, கூச்சல் இல்லை. பகலில் நான்கு தட்டு கேட்கும், பிறகு பாட்டு. புது ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். போன புதன்கிழமை மத்தியானம் மோர் கொண்டுபோனேன். ட்ரம்ஸ் மேல் துணி போர்த்தியிருந்தது. நான்கு பேரும் கிட்டாரும் கையுமாக அந்தக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று பாடுகிற பையன் பகலவனைக் கேட்டேன்.

"அவன் இன்னும் எண்ணலம்மா. கொஞ்சம் இருங்க" என்றான்.

நின்றேன். நான்கு தட்டு கேட்டது. துணி அசையவில்லை. அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கும் கேட்டது அக்கா.

பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, எலும்பாகிவிட்டார்கள். ஊருக்குப் போங்கள் என்றால், அவன் எண்ணும்போது எப்படி எழுந்து போவது என்கிறார்கள். தீர்த்தம் தெளித்தேன், விளக்கு வைத்தேன், ஒன்றுக்கும் நிற்கவில்லை.

ஒன்றை மறைத்தால் பெருமாள் என்னை மன்னிக்க மாட்டார். ஆகஸ்ட் எட்டாம் தேதி, காது பொறுக்காமல், இந்தப் பாட்டுச் சத்தம் நின்றால் துளசி மாலை சாத்துகிறேன் என்று கோயிலில் வேண்டிக்கொண்டேன். மாலை இன்னும் சாத்தவில்லை. இப்படி நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை அக்கா.

கோபத்தில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள், நான் ஒன்று சொன்னேன். நீங்கள் சொன்னதையாவது திருப்பி எடுக்க முடியும். பகல் பஸ்ஸில் வாருங்கள், ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன். என்னைத் திட்டுவதானால் அங்கேயே திட்டிவிடுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து அந்த இருக்கையைப் பார்த்து, "போதும் கண்ணு, கை வலிக்கும்" என்று ஒருதரம் சொல்லுங்கள். பெற்றவள் சொன்னால் கேட்பான். மற்ற நாலு பேரும் அவரவர் தாயிடம் போய்ச் சேரட்டும்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மீனம்மாள்