சிவப்பிலிருந்து அடித்தவனுக்கு

மச்சான்,

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் வீட்டில் எனக்குக் கொடுத்த மழைக்கோட்டைப் போன வாரம் வெயிலில் உதறினேன். உள்பையிலிருந்து ஒரு டீ குச்சி விழுந்தது. பந்தைத் தூக்கி வைத்து அடிக்க நீ வைத்திருந்த மரக்குச்சிதான். அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சு. அடித்த வேகத்தில் எங்கே தெறித்தாலும் புல்லில் தெரியட்டும் என்று உன் வீட்டுக்காரியின் நகப்பூச்சை எடுத்து வரிசையாகப் பூசிக் காயவைத்தாய். “கல்யாண வீட்டுக்குப் போறப்ப எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வெச்சாரா பாருங்கண்ணே” என்று அது என்னிடம் புகார் சொன்னது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். கோல்ஃப் மைதானத்திலும் அப்படித்தானே இருந்தோம்? கார்டில் எழுதுவது உன் வேலை, யார் எந்தக் குழியில் எத்தனை அடி அடித்தான் என்று மனத்தில் வைத்திருப்பது என் வேலை.

லோரி ஓட்டும் வேலையை இருவரும் விட்ட பிறகுதான் அந்த மைதானத்துக்குள் கால் வைத்தோம். தோட்டத்தில் துரைமார் ஆடுவதற்காகப் போட்ட ஒன்பது குழிதான். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, கூலிக்காரர்கள் குடியிருந்த லயமும் போய்விட்டது, குழிகள் மட்டும் அப்படியே இருந்தன. புந்தோங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் ஒரே காரில் போவோம்.

முதல் நாளே நம்மோடு வந்த காண்ட்ராக்டர் மணியம் நமக்கு எல்லாம் காட்டினான். ஒவ்வொரு குழிக்கும் ஆரம்பிக்க மூன்று இடம், அதற்கும் டீ என்றுதான் பெயர். குழிக்கு வெகு தூரத்தில் நீல அடையாளம், அதற்கு முன்னால் வெள்ளை, எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்பு. எங்கிருந்து வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் ஆம்பிளை சிவப்பில் நிற்பதில்லை என்றான். அவன் நேராக நீலத்துக்குப் போனான். நானும் இன்னொருவனும் வெள்ளையில் நின்றோம். நீ பையைத் தூக்கிக்கொண்டு சிவப்புக்கு நடந்தாய்.

“ஏய், அது பொம்பளைங்க அடிக்கிற இடம்லா!” என்றான் மணியம்.

“அதோ, நமக்கு முன்னால ஆடுற நர்ஸ் அக்கா அங்கருந்துதான் அடிக்குது. அதை ஒரு தடவ ஜெயிச்சுட்டு வா தவுக்கே, அப்புறம் பேசலாம்.”

காண்ட்ராக்ட் முதலாளி என்று நீ தவுக்கே போட்டுக் கூப்பிட்ட மணியம் அந்த அக்காவைக் கடைசி வரை ஜெயிக்கவில்லை.

உனக்கும் ஓர் ஆசை இருந்தது. ஏழாவது குழியில் ஈயம் தோண்டிய பழைய குட்டை கிடக்கிறதே, வெள்ளையிலிருந்து அடித்தால் அதன் அகலம் முழுவதையும் பந்து தாண்ட வேண்டும். சிவப்பிலிருந்து என்றால் ஒரு மூலை மட்டும்தான். “வெள்ளைலருந்து ஒரு தடவ தாண்டிறணும் மச்சான். அது போதும் எனக்கு” என்று ஒட்டுக்கடையில் பால் போடாத கோப்பி ஓ குடிக்கும்போது சொன்னாய். பிறகு ஏன் இப்போதே அடித்துப் பார்க்கக் கூடாது என்று கேட்டேன்.

“பின்னால நின்னா நாள் பூரா ஒரே மட்டையத்தான் பிடிப்பேன், இல்லாட்டி பந்தத் தேடிக்கிட்டு இருப்பேன். முன்னால நின்னா பையில இருக்கிறது எல்லாத்தையும் பழகலாம். நாப்பத்தஞ்சு அடிக்குள்ள ஒன்பது குழியையும் முடிக்கிறேன், அப்புறம் வாரேன்.”

மணியம் குட்டைக்குப் பந்துகளைத் தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தான். நீ கிட்டத்துக்கு அடிக்கவும் மெதுவாக உருட்டவும் மணலிலிருந்து எடுக்கவும் பழகினாய். நாற்பத்தைந்து நெருங்கி வந்த நேரத்தில் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு ஏழாவது குழியில் நாலு பேரும் நின்றோம். மணியத்துக்கே குரல் இறங்கிவிட்டது. “இன்னிக்காச்சும் வெள்ளைலருந்து அடிச்சிருடா. நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?” நானும் அடிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ வெள்ளையில் நின்று தண்ணீரைப் பார்த்தாய். பிறகு குனிந்து பையை எடுத்தாய்.

“செத்துருவேன்னு நெனச்சு அடிச்சா பந்து தண்ணிக்குள்ளதான் போகும். அந்த இடத்துக்கு நான் இன்னும் வரலைலா.” சிவப்புக்கு நடந்துவிட்டாய். கத்திக்குப் போகப் போகிறவன் அப்படி நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது கை மெலிந்திருந்தது, சிவப்பே உனக்குத் தூரமாகிவிட்டது. நீ என்ன செய்தாய்? அதற்கும் முன்னால் போய்ப் புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு காய்ந்த செம்பனை மட்டையைப் போட்டு, “இதான் இப்ப என் டீ” என்றாய். யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அந்த மட்டை வாராவாரம் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. ஒருநாள் சிவப்பைத் தொட்டது, நீ அதைத் தூக்கி வீசினாய். அடுத்த வருஷம் நாற்பத்தைந்துக்குள் முடித்துக் கார்டை நீட்டி, “சரியா சொல்லு, எண்ணிப் பாத்தியா?” என்று என்னைக் கேட்டாய். ஒவ்வோர் அடியையும் ஒப்பித்தேன். சரியாகத்தான் இருந்தது.

வெள்ளையில் முதல் ஞாயிறு குட்டைக்குள் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது ஞாயிறு அடித்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து தண்ணீருக்கு மேலே தன் பாட்டில் போய் அக்கரைப் புல்லில் குதித்து நின்றது. “அலாமாக்!” என்று மணியம் வாயில் கை வைத்தான். நீ குச்சியைப் பொறுக்கிக்கொண்டு, “வாங்கலா, ரெண்டாவது அடி இன்னும் இருக்கு” என்றாய்.

அதைவிட அடுத்த வாரம்தான் எனக்குப் பெரிசு. மழைக்கு முந்தின காற்று எதிரே அடித்தது. நீ வெள்ளையைத் தாண்டிச் சிவப்புக்கே போனாய். குட்டையைத் தாண்டினவன் எதற்கு மறுபடியும் அங்கே போகிறாய் என்று மணியம் கத்தினான்.

“போன வாரம் அடிச்சவன் வேற ஆளு, தவுக்கே. இன்னிக்குக் காத்து எதிர்ல. இன்னிக்கு இருக்கிறவன் இங்கருந்துதான் அடிக்கணும்.”

நீ இல்லாமலும் போகிறோம். நடை குறைந்துவிட்டது, என் முழங்காலும் பழையபடி இல்லை. குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு போன இந்த ஞாயிறு, ஏழாவது குழியில் மணியம் நீலத்தில் நிற்கவில்லை, வெள்ளையிலும் நிற்கவில்லை. சிவப்புக்குப் போய்ப் பந்தை வைத்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன பாக்குறே? காத்து எதிர்ல வீசுது, தெரியலையா?” என்றான்.

கரையில் ஒரு செம்பனை ஓலைகூட அசையவில்லை.

“ஆமாலா, பலமான காத்து” என்று சொல்லி நானும் அவன் பக்கத்தில் போய் நின்றேன். உன் குச்சியை ஊன்றினேன், அடித்தேன். மற்றவர்கள் பந்து எங்கே போகிறது என்று பார்த்தார்கள். நான் குனிந்து குச்சியைத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, மச்சான். புல்லில் சிவப்பாகத் தெரிந்தது.